துக்கம் போதாதென்று பழியும்

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஓபு என்றொரு ஊர். 2007 டிசம்பர் 7 அன்று மாலை, மறதி நோய் முற்றியிருந்த 91 வயது முதியவர் ஒருவர் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியிருந்தார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காகவே யோகோஹாமாவிலிருந்து வந்து பக்கத்தில் குடியிருந்த மூத்த மருமகள், அவர் அசுத்தப்படுத்தியிருந்த இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அருகில் இருந்த மனைவிக்கு வயது 85. அவரே பிறர் உதவியோடு வாழ்ந்துகொண்டிருந்தவர். சில நிமிடம் கண்ணயர்ந்துவிட்டார். அதற்குள் முதியவர் வாசலைத் தாண்டிப் போய், ரயிலேறி, அடுத்த நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்துக்குள் போனபோது ரயில் மோதி இறந்துபோனார். துக்கம் ஆறுவதற்குள் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோரிக்கை வந்தது. ரயில்கள் தாமதமானதற்கும் பயணிகளை வேறு வழியில் அனுப்பியதற்கும் சேர்த்துச் சுமார் 72 லட்சம் யென் இழப்பீடு வேண்டும் என்றது ரயில்வே நிறுவனம்.

விபத்து நடந்ததிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் இந்த விவகாரம் அந்தக் குடும்பத்தை அலைக்கழித்தது. 2013-ல் நகோயா மாவட்ட நீதிமன்றம், மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்றது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மகனை விடுவித்து, மனைவி மட்டும் பாதித் தொகையைக் கட்டினால் போதும் என்றது. 2016 மார்ச் 1 அன்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் ஒதுக்கிவிட்டு, இருவரும் ஒரு யென்கூடக் கட்ட வேண்டியதில்லை என்றது. மனைவி என்பதனாலோ மகன் என்பதனாலோ மட்டும் ஒருவர் சட்டப்படியான காவலர் ஆகிவிட மாட்டார். அவருடைய வயது, உடல்நிலை, எங்கே வசிக்கிறார், உண்மையில் எவ்வளவு கவனித்துக்கொள்ள முடியும் என்பதையெல்லாம் பார்த்துத்தான் பொறுப்பை முடிவுசெய்ய வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே யமாட்டோ நகராட்சி, இப்படிப்பட்ட விபத்துகளுக்காகத் தன் ஊர்க் குடும்பங்களின் சார்பில் தானே காப்பீடு எடுத்தது. மறதி நோயாளியை இருபத்துநான்கு மணி நேரமும் கண்கொட்டாமல் காப்பது எந்தக் குடும்பத்தாலும் ஆகாத காரியம் என்பதை ஒரு நாட்டின் சட்டம் இவ்வளவு காலம் எடுத்துத்தான் ஒப்புக்கொண்டது. நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இத்தகைய வழக்கு சொந்தக்காரர்கள் கூடும் கூடத்திலேயே நடக்கிறது. அம்மா வீட்டைவிட்டு வெளியே போய்விட்டால் ‘வீட்ல இருந்தவங்க என்ன பண்ணீங்க?’ என்ற கேள்வி வரும். படுக்கைப் புண் வந்தால் மருமகள்மீது பழி. மெலிந்துபோனால் மகள்மீது பழி. முதியோர் இல்லத்தில் சேர்த்தால் மொத்தக் குடும்பத்தின் மீதும் பழி. பெற்றோருக்கு மறதி நோய் வந்த குடும்பங்கள் உடையும்போது பாசம் குறைந்துவிட்டதாகச் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத வேலையை முழுக்க அதன் தலையில் கட்டிவிட்டு, அது தளரும்போது குற்றம் சொல்கிறோம் என்பதுதான் நடப்பு. இந்த வேலையில் ஒரு பங்கை அரசு முறையாக ஏற்றுக்கொள்ளாதவரை, எத்தனை அறிவுரை சொன்னாலும் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் பேசிக்கொள்ளாமல் பிரிவது நிற்காது.

இந்த விரிசல் பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவியில் ஒருவருக்கு மறதி தொடங்கினால் மற்றவர் அதைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடுவார். அவள் தேடுகிற பெயரை அவர் எடுத்துக்கொடுப்பார். அடுப்பை அணைத்தாளா என்று அவரே போய்ப் பார்ப்பார். மாத்திரைகளைப் பிரித்து வைப்பார். பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்தால் ‘அம்மா தூங்குறா’ என்று சமாளிப்பார். அவர் போன பிறகுதான், இதுவரை இரண்டு பேர் மூளையில் ஓடிக்கொண்டிருந்த வீடு அது என்பது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அப்போதும் முதலில் யாரும் நோயென்று நினைப்பதில்லை. துக்கத்தில் அப்படி இருக்கிறாள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. கடும் துக்கத்திலும் மனச்சோர்விலும் முதியவர்களுக்கு ஞாபகம் தடுமாறும், பேச்சு குறையும், சாப்பாடு இறங்காது. மறதி நோயிலும் இவையெல்லாம் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும், கீழே விழுந்து தலைக்குள் மெல்ல இரத்தம் கசிந்தாலும் இதே தோற்றம்தான் தெரியும். இவற்றில் சில, சிகிச்சையில் பெருமளவு சரியாகக்கூடியவை. ஆக, சாவு நடந்த வீட்டில் எஞ்சியிருக்கிற முதியவரை ஒரு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும், குணமாகக்கூடியது கையைவிட்டுப் போகிறது. குணமாகாததைச் சண்டை மூட்டும் குணமாகப் பார்க்கும் பழக்கம் வேர்விடுகிறது.

‘குணப்படுத்த முடியாத நோய்க்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் தெரியாத வீட்டில் என்ன ஆகிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். சங்கிலியை எங்கோ பத்திரப்படுத்திவிட்டு மறந்துபோன தாய், ‘மருமகள் எடுத்துவிட்டாள்’ என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். திருட்டுப் பழி சுமத்துவது இந்த நோயில் அடிக்கடி வரும் அறிகுறி. மருத்துவர் இதை முதல் சந்திப்பிலேயே எச்சரிக்க முடியும். எச்சரிக்கப்படாத குடும்பத்தில் அந்த ஒரு வாக்கியம் மகனையும் மருமகளையும் பிரிக்கப் போதுமானது. மாலை மங்கும் நேரத்தில் பதற்றம் கூடுவது, சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்று அழுவது, சாப்பிட்டு அரை மணி நேரத்தில் ‘எனக்குச் சோறே போடல’ என்று விருந்தாளியிடம் சொல்வது எல்லாம் அப்படித்தான். மூளையில் நடப்பது என்று தெரிந்தவர்களுக்கு வலி குறையாவிட்டாலும் கோபமாவது குறையும்.

சாவு நடந்த வீட்டில் இந்த நோய் எழுப்பும் கொடிய கேள்வி ஒன்று உண்டு. காரியமெல்லாம் முடிந்து சொந்தங்கள் ஊர் திரும்பிய பிறகு, ‘அப்பா எங்கடா, இன்னும் வரல?’ என்று அம்மா கேட்பாள். ‘அப்பா இறந்துட்டாரும்மா’ என்று மகன் சொன்னால் அவளுக்கு அது முதல் முறை கேட்கும் செய்தி. மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். மறுநாள் மறுபடியும் கேட்பாள், மறுபடியும் அழுவாள். பெற்ற தாயிடம் பொய் சொல்லக் கூடாது என்கிறான் ஒரு பிள்ளை. தினமும் அவளைக் கொல்லாதே என்கிறாள் இன்னொரு பிள்ளை. இருவரும் தங்கள் அப்பாவுக்காக அழுது முடிக்காதவர்கள் என்பதால் இந்த வாதம் வெகுசீக்கிரம் வேறு வாதமாகிவிடுகிறது. இந்த நோயாளிகளோடு பழகிய மருத்துவர்களும் செவிலியர்களும் பொதுவாகச் சொல்லும் வழி இது: தொடக்கத்தில், புரிந்துகொள்ளக்கூடிய நிலையில் இருக்கும்போது உண்மையை எளிய சொற்களில் சொல்லுங்கள், இறுதிச் சடங்கிலிருந்து அவரை ஒதுக்கிவைக்காதீர்கள், ஞாபகம் தங்காத நிலை வந்தபின் ஒவ்வொரு முறையும் சாவை அறிவிக்க வேண்டியதில்லை. ‘அப்பா ஞாபகமா இருக்கும்மா?’ என்று கேட்டு, அவரைப் பற்றிப் பேசவிட்டு, அந்த ஏக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இது ஏமாற்று வேலையாகாது என்றே எனக்குப் படுகிறது. செய்தியைத் தாங்கிவைத்துக்கொள்ள முடியாதவரிடம் செய்தியைத் திணிப்பதில் உண்மைக்கு எந்த மரியாதையும் இல்லை. இதை ஒருவர் வீட்டுக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொன்னால் பாதிச் சண்டை வராது. அப்படிச் சொல்ல நம் ஊர்களில் ஆள் இல்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூவும் பொட்டும் தாலியும் களையும் சடங்கை, மறதி நோயுள்ள பெண்ணுக்குச் செய்யும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. எந்தப் பெண்ணுக்குமே அது வேண்டாத கொடுமை. கணவர் இறந்ததே நினைவில் நிற்காத ஒருத்திக்கு, தினமும் கழுத்தைத் தடவித் தாலியைத் தேடுவதும், கண்ணாடியில் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துத் திகைப்பதும் முடிவில்லாத தண்டனை. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை ஒதுக்கிவிட்டு, பொட்டு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் வைத்துவிடுங்கள்.

சாவுக்கு நம்மிடம் ஒழுங்கு இருக்கிறது. துக்கம் கேட்க வருகிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது, பதினாறாம் நாள் காரியம், முதல் வருடம் பண்டிகை இல்லை, பிறகு ஆண்டுதோறும் திதி. இழந்தவர் இன்ன காலம் வரை துக்கப்படலாம் என்று ஊரே ஏற்றுக்கொள்கிறது. உயிரோடு இருக்கும் அம்மா தன் மகளையே ‘நீ யாரும்மா?’ என்று கேட்ட நாளுக்கு எந்தச் சடங்கும் இல்லை. துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, முடிவு தெரியாத இழப்பு மனிதர்களை எப்படி உறையவைத்துவிடுகிறது என்று எழுதினார். உடல் இல்லாமல் நினைவில் மட்டும் இருப்பவரை இழப்பது ஒரு வகை. உடல் இருந்து மனம் அகன்றுபோனவரை இழப்பது இன்னொரு வகை என்று அவரே மறதி நோய்க் குடும்பங்களையும் அதே வரிசையில் வைத்தார். முதல் வகைத் துயரம் என்னவென்று தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை; இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார்கள் பல ஆண்டுகளாகத் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாம் வகைத் துயரம் நம் வீடுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பாஸ் சொன்னவற்றில் நமக்கு மிகவும் தேவையானது இது: இந்த இழப்பில் ஒரே குடும்பத்தின் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் நிற்பார்கள். ஒருவர் அம்மா போய்விட்டாள் என்று மனத்துக்குள் அழுது முடித்திருப்பார். இன்னொருவர் அடுத்த மருந்தில் சரியாகிவிடுவாள் என்று காத்திருப்பார். இருவரும் ஒருவரையொருவர் கல்நெஞ்சம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

வேலைப் பங்கீடு அதைவிட மோசமாக இருக்கிறது. மறதி நோயாளிகளுக்குக் குடும்பத்தினர் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பராமரிப்பு தருவதாகவும், அந்த நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே தருவதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகம் முழுவதற்குமான சராசரி அது. நடுராத்திரி எழுந்து கதவைத் திறக்கப் போகிறவரைத் தடுத்து, துணி மாற்றி, மறுபடி படுக்கவைக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ ஐந்து மணி நேரம் தூக்கம் கிடைத்தாலே பெரிது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பத்து நிமிடம் பேசுகிறார். இந்த நோயில் பழகிய உபசார வார்த்தைகள் நெடுநாள் தங்கும். ‘சாப்டியாப்பா? பிள்ளைங்க நல்லா இருக்கா?’ என்று அம்மா கேட்டுவிடுவாள். ‘எங்கிட்ட நல்லாத்தானே பேசினாங்க’ என்ற அந்தச் சொல், உடனிருந்து பார்ப்பவரைப் பொய்யராக்குகிறது. இதற்கு மேல் கையெழுத்துப் பிரச்சினை. அம்மாவின் வைப்புநிதியை எடுத்து அவள் மருத்துவத்துக்கே செலவிடலாம் என்றாலும், வங்கியில் அவள் கையெழுத்து பொருந்தாது. அருகிலிருக்கும் பிள்ளை கைநாட்டு வாங்கினால் சொத்தை எழுதி வாங்கிவிட்டான் என்ற சந்தேகம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடந்துகொள்ள எளிய வழி எதையும் சட்டம் அவனுக்குத் தரவில்லை.

சட்டம்தான் இருக்கிறதே என்று சொல்பவர்கள் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். கைவிடப்பட்ட பெற்றோர் பலருக்கு அது உதவியிருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் அது பார்க்காத பிள்ளையைக் குறித்து எழுதப்பட்ட சட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம், பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. பார்த்துக்கொண்டே தேய்ந்துபோகும் பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நினைவு தெளியாதவரால் தானே தீர்ப்பாயத்தில் மனு எழுதவோ தன் குறையைச் சொல்லவோ முடியாது என்பது வேறு. பாதுகாவலரை நியமிக்க 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குரியது. மறதி நோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஓய்வூதியக் கணக்கை இயக்குவதற்கே வழக்கறிஞர் வைத்து நீதிமன்றப் படியேற வேண்டிய நிலை சாமானியக் குடும்பத்துக்கு ஏன் வர வேண்டும்? மாவட்ட அளவில், குறிப்பிட்ட செலவுகளுக்கு மட்டும், ஆண்டுக்கொருமுறை கணக்குக் காட்டும் நிபந்தனையோடு, எல்லா வாரிசுகளுக்கும் தெரிவித்து ஒருவரை நியமிக்கும் வழி இருந்தால் உடன்பிறப்புகளுக்கிடையே சந்தேகம் குறையும்.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் பண்பாடு சார்ந்தது. பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. அரசு மையங்களைத் திறந்தால் அந்தக் கடமையுணர்வு கெடும், நாளைக்கு எல்லோரும் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். இதைச் சொல்பவர்களின் அக்கறை உண்மையானது. முதியோர் இல்லங்கள் பெருகுவதைப் பார்த்து வருந்தாதவர் யார்? ஆனாலும் இந்த அச்சத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு இருக்கிறது, அதன் முடிவு நேர் எதிரானது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழுவினர், மறதி நோயுள்ள கணவரையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த 406 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கூடுதல் ஆலோசனை அமர்வுகள் ஆறு தரப்பட்டன. அவற்றில் நான்கு, பிள்ளைகளையும் மற்ற உறவினர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசியவை. பிறகு தேவைப்பட்டபோதெல்லாம் தொலைபேசியில் பேச ஆள் இருந்தது. 2006-ல் வெளியான முடிவின்படி, இந்த உதவி கிடைத்த குடும்பங்கள் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதைச் சுமார் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட்டன. உதவி கிடைத்தவர்கள் கைவிட்டுவிடவில்லை. கூடுதல் காலம் தாங்கினார்கள். நம் நாட்டிலேயே கோவாவில் நடந்த ஆய்வொன்று 2008-ல் வெளியானது. மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பி, குடும்பத்தினருக்கு நோயை விளக்கி, பதற்றத்தைக் கையாளக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்திருந்தது.

அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் இதெல்லாம் தேவைப்பட்டதா என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர்கள் அப்போது ஊருக்குச் சிலர். ஐந்தாறு பிள்ளைகள் இருந்தார்கள், வெளிவேலைக்குப் போகாத மருமகள்கள் இருந்தார்கள், அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கடமை என்று நாம் போற்றியதில் பெரும்பகுதி அந்தப் பெண்களின் கூலியில்லா உழைப்பு. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டுக்கும் குறைவான குழந்தைகள், அவர்களில் ஒருவர் வெளியூரில். மக்கள்தொகை மதிப்பீடுகளின்படி 2021-ல் மாநிலத்தில் 13.6 சதவீதமாக இருந்த அறுபது வயதைக் கடந்தவர்கள், 2031-ல் 18 சதவீதத்தைத் தாண்டுவார்கள். நாடு முழுவதும் முதியோரிடையே நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வு, அறுபது கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது அதிகம் என்றது. அந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல் வரும். இவ்வளவு வீடுகளில் நடப்பதை ஒவ்வொரு வீட்டின் சொந்த விவகாரம் என்று எப்படி ஒதுக்குவது?

அரசிடம் பணம் இல்லை என்பது கடைசி ஆட்சேபம். பெரிய மருத்துவமனை கட்டுவது என்றால் அது சரியாக இருக்கலாம். இங்கே தேவை அதுவல்ல. முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவில் முதன்முதலாக 1978-ல் தனிப் பிரிவு தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ போன்ற தொண்டு அமைப்புகளுக்கு மறதி நோய்ப் பராமரிப்பில் அனுபவம் இருக்கிறது. பக்கத்து கேரளம் அரசுத் திட்டமாகவே இதை நடத்திவருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இவ்விரண்டும் மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகள். கேள்திறன் குறைவு, புகை, மனச்சோர்வு உட்படப் பதினான்கு காரணிகளைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று ‘லான்செட்’ ஆணையம் 2024-ல் சொன்னது. ஏற்கெனவே வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் ஞாபகத்தைச் சோதிக்கும் சில கேள்விகளையும், ‘நீங்க தூங்குறீங்களாம்மா?’ என்று பராமரிப்பவரிடம் கேட்கும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுப்பதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பயிற்சியும், அதற்கேற்ற ஊதிய உயர்வும் தேவை; ஏற்கெனவே சுமை தாங்கும் பெண்கள்மீது இன்னொன்றைச் சும்மா ஏற்றக் கூடாது. செலவு புதிதாக வரப்போவதும் இல்லை. வேலையை விட்டுவிட்ட மகளின் சம்பளமாகவும், அவளுக்கே வந்துவிட்ட முதுகுவலியும் மனச்சோர்வுமாகவும் அது இப்போதே கட்டப்பட்டுவருகிறது. உலக அளவில் மறதி நோயின் மொத்தச் செலவில் ஏறக்குறையப் பாதி இப்படிக் குடும்பங்கள் ஊதியமின்றித் தரும் உழைப்பு.

எப்போது தொடங்குவது என்பதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மரணத்தையும் 21 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். பிறகு வாரிசுச் சான்றிதழுக்காகக் குடும்பம் தாலுகா அலுவலகத்துக்குப் போகிறது. குடும்ப ஓய்வூதியத்துக்காகவும் விதவை உதவித்தொகைக்காகவும் விண்ணப்பிக்கிறது. அறுபதைக் கடந்த கணவனோ மனைவியோ தனியாகிவிட்டார் என்ற செய்தி இப்படி அரசின் கைக்கு வந்துவிடுகிறது. அந்தச் செய்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய், மூன்று மாதத்துக்குள் ஒருவர் அந்த வீட்டுக்குச் சென்று துக்கம் விசாரித்து, எஞ்சியிருப்பவரின் ஞாபகம், கேள்திறன், தூக்கம், மனநிலை நான்கையும் பார்த்துவிட்டு வரட்டும். மறதி உறுதியானால், வெளியூர்ப் பிள்ளைகளையும் தொலைபேசியில் சேர்த்துக்கொண்டு ஒரு குடும்ப ஆலோசனை. யார் பார்ப்பது, யார் பணம் தருவது, யார் வருடத்தில் ஒரு மாதம் வந்து பொறுப்பேற்பது என்பதை ஒரு மூன்றாம் மனிதர் முன்னால் பேசி எழுதிக்கொண்டால், பின்னால் வாய்ச்சண்டை குறையும்.

அதற்கடுத்துப் பகல்நேர மையம். ஜப்பானில் 2000 முதல் நாற்பது வயதைக் கடந்த எல்லோரும் சந்தா கட்டும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருப்பதால்தான் ஓபு முதியவருக்கு அப்படியொரு மையம் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் மனைவி அசந்துபோனார் என்பதை மறக்க வேண்டாம். மையம் எல்லா ஆபத்தையும் போக்கிவிடாது. எதுவுமே இல்லாத வீட்டில் அந்த அசதி நாள்தோறும் நடக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. நாம் மாவட்டத்துக்கு ஒன்று என்று முப்பத்தெட்டில் தொடங்கி, பிறகு தாலுகாக்களுக்குப் போகலாம். வழுக்காத தரை, கைப்பிடியுள்ள கழிப்பறை, கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்த தாழ்ப்பாள், பழைய பாட்டு ஒலிக்கும் பெட்டி, நிழலில் நடக்க ஓர் இடம், ஏழெட்டுப் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற ஊழியர் ஆகியவை அடிப்படை. அழைத்துவர வேன் கட்டாயம் வேண்டும். பேருந்தில் ஏற மறுத்து நடுவழியில் இறங்கி நடக்கிற அப்பாவை ஒற்றை ஆளாக ஒருவரால் கூட்டிவர முடியாது; வேன் இல்லாத மையம் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பயன்படும். திறந்திருக்கும் நேரத்தையும் அலுவலக வழக்கப்படி வைத்துவிடக் கூடாது. காலை பத்துக்குத் திறந்து மாலை நான்குக்கு மூடினால், பனியன் கம்பெனியிலோ துணிக்கடையிலோ வேலை பார்க்கும் மகள் எப்படியும் வேலையை விட வேண்டியதாகிவிடும். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, ஞாயிறும் சேர்த்துத் திறந்திருக்க வேண்டும்.